‘கொடு’ என்பது ‘ெகாடு’ ஆகும் இடம்

நிரல் எந்தக் குறையும் சொல்லாமல் ஓடி முடிகிறது. பிடிஎஃப் கோப்பு வந்துவிடுகிறது. பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது. அதே கோப்பில் ‘கொடு’ என்று தேடினால் மட்டும் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தச் சொல்லைத் தெரிவுசெய்து நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டினால் ‘ெகாடு’ என்று வந்து விழுகிறது. அச்சுக்கோப்புக்கான டெக் (TeX) குடும்ப மென்பொருளில் தமிழ் நூல்களை அச்சுக்கோப்பவர்களில் பலர் என்றாவது ஒரு நாள் சந்தித்திருக்கும் வழு இது. சில ஆண்டுகளாக இத்தகைய வெளியீட்டு வழுக்களை ஆராய்வதிலும், அவற்றை உரிய திட்டங்களுக்கு அறிவிப்பதிலும், இயன்றபோது திருத்தம் எழுதி அனுப்புவதிலும் என் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதி செல்கிறது. அந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். வழு கண்ணில் படும் இடமும் அது பிறக்கும் இடமும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கின்றன. பிறந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே திருத்தினால்தான் அடுத்தவருக்கும் அது பயன்படும்.

டொனால்டு நூத் 1978-இல் டெக்கின் முதல் வடிவத்தை வெளியிட்ட காலத்தில் இந்தத் தேடல் ஓரளவு எளிதாக இருந்திருக்கும். எழுத்துக்கு ஓர் அச்சுரு, அதற்கு ஓர் அகலம், அதை வைக்க ஓர் இடம் என்பதே அன்றைய கணக்கு. இன்று ஒரு தமிழ்ச் சொல் பக்கத்தில் வந்து அமர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. நாம் தட்டச்சு செய்த யூனிகோடு உரையை முதலில் டெக்கின்மேல் எழுதப்பட்ட லேடெக் மேக்ரோக்கள், அதாவது சுருக்கக் கட்டளைகள், வாங்குகின்றன. பிறகு ஸீடெக் அல்லது லுவாடெக் இயந்திரம் அதை வரிகளாகப் பிரிக்கிறது. எழுத்துகளைக் கோத்து உருவம் கொடுக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் நூலகம் செய்கிறது. அந்த நூலகம் எழுத்துருவின் உள்ளே இருக்கும் ஓப்பன்டைப் அட்டவணைகளை, அதாவது எழுத்துகள் சேரும் விதிகளை, பார்த்தே முடிவெடுக்கிறது. முடிவில் பிடிஎஃப் எழுதும் நிரல் வருகிறது. அதற்கும் பிறகு, படிப்பவரின் கணினியில் இருக்கும் பிடிஎஃப் படிப்பான் அதைத் தன் போக்கில் புரிந்துகொள்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் பயனரின் வாயிலிருந்து வரும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: “லேடெக்கில் தமிழ் சரியாக வரவில்லை.”

‘கொடு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். கோப்பில் அது நான்கு குறியெண்களாக, அதாவது யூனிகோடு எழுத்துகளுக்குத் தந்துள்ள எண்களாக, சேமிக்கப்பட்டிருக்கிறது: ககரம், ஒகரக் குறி, டகரம், உகரக் குறி. ஹார்ஃப்பஸுடன் வரும் ‘எச்பி-ஷேப்’ என்ற சிறு கட்டளை நிரலுக்கு எழுத்துருவையும் இந்தச் சொல்லையும் கொடுத்தால், அதே சொல்லை கிளிஃப்களின், அதாவது எழுத்துருவில் வரைந்துள்ள உருவங்களின், வரிசையாகத் திருப்பித் தருகிறது. அந்த வரிசையில் முதலில் ஒற்றைக்கொம்பு, அடுத்து ககரம், அடுத்து கால், கடைசியில் ‘டு’ என்ற ஒரே உருவம். ஒகரக் குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் போய் அமர்ந்திருக்கிறது. டகரமும் உகரக் குறியும் சேர்ந்து ஒன்றாகிவிட்டன. ஒவ்வொரு கிளிஃபின் அருகிலும் ஓர் எண் அச்சாகும். அது மூல உரையில் எந்த இடத்திலிருந்து அந்த உருவம் வந்தது என்பதைச் சொல்லும் கொத்து எண். இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுவதால் இங்கே அந்த எண்கள் 0, 0, 0, 2 என்று வரும். முதல் மூன்று உருவங்களும் சேர்ந்தே ‘கொ’ என்ற ஓர் எழுத்து என்பதை ஹார்ஃப்பஸ் அறிந்திருக்கிறது, அதை நமக்கு எழுதியும் கொடுக்கிறது என்பதற்கு இதுவே சான்று. ஆகவே இந்த அடுக்கில் குற்றமில்லை.

பிடிஎஃப்பின் இயல்பு வேறு. அது பக்கத்தில் எந்த உருவத்தை எங்கே வரைய வேண்டும் என்பதை முதன்மையாகக் கருதி வடிவமைக்கப்பட்டது. ‘க்யூபிடிஎஃப்’ என்ற கருவியைக் கொண்டு கோப்பின் சுருக்கத்தை நீக்கிவிட்டு ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே தமிழ் எழுத்து ஒன்றுகூட இராது. கிளிஃப் எண்கள் மட்டுமே கண் பார்க்கும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்களை மீண்டும் எழுத்தாக மாற்றுவதற்காக ஒவ்வோர் எழுத்துருவுடனும் டூயூனிகோடு என்ற அட்டவணை இணைக்கப்படுகிறது. ஓர் உருவத்துக்கு ஒன்றோ பலவோ குறியெண்களைக் கொடுக்க அந்த அட்டவணையால் முடியும். எனவே ‘டு’ சிக்கலின்றித் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் உருவங்களின் வரிசையை மாற்றச் சொல்லும் வசதி அதில் இல்லை. படிப்பான் கொம்பை முதலில் காண்கிறது, கொம்பின் குறியெண்ணை எழுதுகிறது. ககரத்தைக் காண்கிறது, எழுதுகிறது. காலைக் காண்கிறது, எழுதுகிறது. விளைவு ‘ெகாடு’. எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய ஆறு குறிகளும் இதே கதிக்கு ஆளாகின்றன. தமிழ் உரையில் இவை எத்தனை அடிக்கடி வருகின்றன என்பதை நினைத்தால், தேடமுடியாமல் போகும் சொற்களின் அளவு புரியும்.

ஔகாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கௌ’ என்பதன் பின்பாதிக் குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் ஓர் எழுத்துரு இரண்டுக்கும் ஒரே கிளிஃபைப் பயன்படுத்தினால், டூயூனிகோடு அட்டவணையில் அந்த ஒரு கிளிஃபுக்கு ஒரு பதிவு மட்டுமே இருக்க முடியும். அப்போது ‘கௌரவம்’ என்று அச்சான சொல் ‘ெகளரவம்’ என்று ளகரத்துடன் வெளிவரும். தமிழ் எண்ணான ‘௧’ என்பதும் ககரமும் ஒரே உருவத்தைப் பகிர்ந்துகொள்ளும் எழுத்துருவிலும் இதே குழப்பம் நேரும். அச்சிட்ட தாளில் இவை எதுவும் தெரியாது. நூலகத்தின் தேடுபொறியில் அந்த நூல் அகப்படாமல் போகும்போதும், பார்வையற்ற ஒருவரின் திரைபடிப்பான் உளறும்போதும் மட்டுமே தெரியும். தாளில் சரியாக இருக்கிறதே என்று இவ்வழுவை ஒதுக்குவோரிடம் நான் சொல்வது இதைத்தான்: அந்த வாசகருக்குத் தாள் இல்லை, உள்ளே இருக்கும் உரைதான் நூல்.

இதற்கு மக்கள் கைக்கொள்ளும் தீர்வுகள் பல. பிடிஎஃப்பிலிருந்து எடுத்த உரையில் கொம்பை இடம்மாற்றும் நிரல்களைப் பலர் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள். அது தேவைக்கு உதவுகிறது. ஆனால் நூலை வாங்கிய வாசகரிடம் அந்த நிரல் இருக்காது. வேறு சிலர் எழுத்துருவைத் திறந்து கிளிஃப் பெயர்களை மாற்றிப் பார்க்கிறார்கள். வரிசைதான் சிக்கல் என்னும்போது பெயரை மாற்றிப் பயனில்லை. ஒரு பதிப்பகத்திற்காக நான் பார்த்த நூலில், முன்பு பணியாற்றியவர் ஒருவர் மூல உரையிலேயே கொம்பை முன்னால் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அவர் பயன்படுத்திய பழைய அமைப்பில் அது அழகாக அச்சாகியிருக்கிறது. அமைப்பை மாற்றியதும் நூல் முழுவதும், எழுத்தோடு சேராமல் தனித்து நிற்கும் குறியைக் காட்டும் புள்ளி வட்டங்களாக நிறைந்துவிட்டது. மூல உரையே கெட்டுவிட்டதால் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஓர் அடுக்கின் குறையை அதற்கு முந்தைய அடுக்கில் மறைத்தால் இப்படித்தான் ஆகும்.

உரிய தீர்வு பிடிஎஃப் தரத்திலேயே இருக்கிறது. ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற குறிப்பைக் கொண்டு, ‘இந்த உருவங்கள் மூன்றும் சேர்ந்து குறிப்பது இந்த உரை’ என்று கோப்பின் உள்ளேயே எழுதிவைக்கலாம். ஸீடெக்கில் ‘ஸீடெக் ஜெனரேட் ஆக்சுவல்டெக்ஸ்ட்’ என்ற அளவுருவை 1 என்று வைத்தால் போதும், இயந்திரம் மூல உரையை உருவங்களோடு சேர்த்தே எழுதுகிறது. லுவாடெக்கின் பக்கத்தில், ஹார்ஃப்பஸை உள்ளடக்கிய லுவாஎச்பிடெக் 2020-ஆம் ஆண்டின் டெக்லைவ் தொகுப்பு முதல் லுவாலேடெக்கின் இயந்திரமாக அமைந்தது. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் பேக்கேஜில் ரெண்டரர் என்ற தெரிவை ஹார்ஃப்பஸ் என்று கொடுத்தால், டூயூனிகோடு அட்டவணையால் சொல்ல முடியாத கொத்துகளுக்கு மட்டும் ஆக்சுவல்டெக்ஸ்ட் எழுதப்படுகிறது. மேலே சொன்ன கொத்து எண்கள் பயன்படுவது இங்கேதான்: 0, 0, 0 என்ற மூன்றையும் ஒரு கட்டாகக் கட்டி, மூல உரையில் அந்த இடத்தில் இருந்த ‘கொ’ என்பதை அதன்மேல் எழுதுகிறார்கள். ஹார்ஃப்பஸ் அந்த எண்ணைச் சுமந்து வராவிட்டால் பிடிஎஃப் எழுதும் அடுக்கு ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இதிலும் குறையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆக்சுவல்டெக்ஸ்டை எல்லாப் படிப்பான்களும் ஒரே அளவில் மதிப்பதில்லை. ஆகவே வழுவை அறிவிப்பதற்கு முன், பாப்ளர் தொகுப்பின் ‘பிடிஎஃப்-டு-டெக்ஸ்ட்’ கட்டளையில் ஒருமுறையும் வேறொரு படிப்பானில் ஒருமுறையும் உரையை எடுத்து ஒப்பிடுவது என் வழக்கம். ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் வந்தால், கோப்பு நன்றாகவே இருக்கிறது, படிப்பானில்தான் திருத்தம் தேவை என்பது தெளிவாகிவிடும். குறிப்பை எவ்வளவு நீளமான உரைக்கு எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. ஒரு முழுச் சொல்லுக்கு ஒரே குறிப்பாக எழுதினால் தேடல் நன்றாக நடக்கும், ஆனால் சொல்லின் ஒரு பகுதியை மட்டும் தெரிவுசெய்ய முடியாமல் போகலாம். கொத்துக்கு ஒன்று என்று எழுதினால் தெரிவு நுட்பமாக அமையும், கோப்பின் அளவு பெருகும். தமிழுக்குக் கொத்துவாரியாக எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. கோப்பு சற்றுப் பெருத்தாலும் தாழ்வில்லை.

எந்த அடுக்கு என்று கண்டுபிடிப்பதற்கு முதல் படி, ஆவணத்தைச் சுருக்குவது. முந்நூறு பக்க நூலை இணைத்து ‘பக்கம் 214-ஐப் பாருங்கள்’ என்று எழுதும் அறிக்கையைத் திறந்து பார்ப்பதற்கு எந்த உருவாக்குநருக்கும் நேரமிருப்பதில்லை. அவர்களில் பலர் ஊதியமின்றிப் பணிபுரிகிறவர்கள். பாதி உரையை நீக்கி வழு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் மீதியில் பாதியை நீக்க வேண்டும். பிறகு கோப்பின் தொடக்கத்தில் சேர்த்துள்ள பேக்கேஜ்களை, அதாவது கூடுதல் வசதி தரும் நிரல் தொகுதிகளை, ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். முடிவில் பத்து வரியில் ஒரு கோப்பு மிஞ்சும். பெரும்பாலான வழுக்கள் இந்தச் சுருக்கும் வேலையின்போதே தம் காரணத்தைக் காட்டிவிடுகின்றன. எந்த வரியை நீக்கியபோது வழு மறைந்ததோ அந்த வரியின் அருகில்தான் காரணம் இருக்கிறது. நேற்று வரை சரியாக இருந்தது இன்றைய பதிப்பில் கெட்டது என்றால் மூலநிரலிலும் இதே முறையைக் கையாளலாம். ‘கிட் பைசெக்ட்’ கட்டளை நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையில் பாதி பாதியாகப் பிரித்து, வழுவைக் கொண்டுவந்த கமிட்டிடம், அதாவது மூலநிரலில் பதிவான அந்த ஒரு மாற்றத்திடம், நம்மை நேராக அழைத்துச் செல்லும்.

எழுத்துருவில்தான் வழு என்று ஐயம் எழுந்தால், டெக்கைத் தொடாமலே அதைத் தீர்த்துக்கொள்ளலாம். ‘எச்பி-வியூ’ என்ற கட்டளை, அதே எழுத்துருவில் அதே சொல்லை நேரடியாகப் படமாக வரைந்து காட்டும். மெய்யெழுத்தின் மேல் புள்ளி நடுவில் நில்லாமல் ஓரத்துக்கு நழுவியிருப்பது அங்கும் அப்படியே தெரிந்தால், அந்த அறிக்கை எழுத்துருவை ஆக்கியவர்களிடம் போக வேண்டும். அங்கே சரியாக இருந்து லேடெக்கில் மட்டும் கெட்டால், முதலில் பார்க்க வேண்டியது ஃபான்ட்ஸ்பெக்கில் ஸ்கிரிப்ட் என்ற தெரிவு தமிழ் என்று கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை. அது விடுபட்டால் ஸீடெக்கில் தமிழுக்குரிய விதிகள் இயங்காமல், கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கும் பக்கங்கள் வந்துவிடும். வழு என்று அறிவிக்கப்படுகிறவற்றுள் ஒரு பெரும்பகுதி இந்த ஒரு வரியால் தீர்கிறது. ஹார்ஃப்பஸில்தான் குறை என்று உறுதியானால் அங்கே திருத்தம் எழுதுவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. அந்த நூலகத்தையே ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் ஆண்ட்ராய்டும் பயன்படுத்துகின்றன. லிபர்ஆஃபிஸும் 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் அதையே நம்பியிருக்கிறது. ஒரு தமிழ் எழுத்தின் சேர்க்கையை அங்கே ஒருமுறை சரிசெய்தால் அச்சு நூல், உலாவி, கைப்பேசி ஆகிய மூன்றிலும் அது சரியாகிவிடும்.

எழுத்துருவில் இல்லாத எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெக்கின் பழைய வழக்கப்படி, எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லையென்றால், நிரல் ஓடும்போது நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவுக்கோப்பில் ஒரு வரி எழுதப்படும், அவ்வளவுதான். பக்கத்தில் அந்த இடம் வெறுமையாகவோ கட்டமாகவோ போய்விடும். ஆயிரக்கணக்கான வரிகள் உள்ள பதிவுக்கோப்பில் அந்த ஒரு வரியை யார் பார்ப்பார்கள்? ‘டிரேசிங் லாஸ்ட் கார்ஸ்’ என்ற அளவுருவின் மதிப்பை 2 என்று வைத்தால் அது முனையத்திலும் தெரியும். 2021-ஆம் ஆண்டிலிருந்து லேடெக்கில் இதுவே இயல்பான மதிப்பு. 3 என்று வைத்தால் இயந்திரம் அதைப் பிழையாகவே கருதும். தமிழ் நூல் எதுவானாலும் இதை 3 என்று வைத்துத்தான் நான் ஓட்டுகிறேன்.

காரணம் தெரிந்த பிறகும் திருத்தம் உடனே நுழைந்துவிடுவதில்லை என்பதுதான் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கே உரிய பெருஞ்சிக்கல். ஒரு வரியின் இடைவெளியை, ‘புள்ளி’ (பாயின்ட்) என்ற அச்சு அளவில் கால் பங்கு மாற்றினால் வரிமுறிவு மாறும், வரிமுறிவு மாறினால் பக்கமுறிவு மாறும், பக்கமுறிவு மாறினால் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஆய்வேட்டின் பக்க எண்கள் மாறும். வழுவோடு கூடிய வெளியீட்டையே நம்பி எழுதப்பட்ட ஆவணங்கள் உலகெங்கும் இருக்கின்றன.

லேடெக்கில் இரட்டைப் பத்திப் பக்கங்களில் இருந்த பட வரிசை வழு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பத்தி அகலப் படங்களையும் முழுப் பக்க அகலப் படங்களையும் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கவைக்க லேடெக் தனித்தனிப் பட்டியல்களை வைத்திருந்தது. ஒரு பட்டியலுக்கு மற்றொன்றின் நிலை தெரியாததால், முழு அகலப் படம் 1 காத்திருக்க, ஒரு பத்திப் படம் 2 முந்திக்கொண்டு முன் பக்கத்தில் அச்சாகிவிடும். திருத்தம் என்ன என்பது தெரிந்தே இருந்தது. ஆனால் 1994-இல் வெளியான லேடெக் 2இ-யின் கருவை, அதாவது அடிப்படை நிரலை, தொட்டால் பழைய ஆவணங்கள் மாறும் என்பதால், ‘ஃபிக்ஸ்-எல்டிஎக்ஸ்-2இ’ என்ற தனிப் பேக்கேஜில் அந்தத் திருத்தத்தையும் அது போன்ற பிறவற்றையும் வைத்து, வேண்டியவர் சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். வேண்டியவர்களில் பலருக்கு அப்படி ஒரு பேக்கேஜ் இருப்பதே தெரியாது. 2015-இல் லேடெக் குழு கொள்கையை மாற்றிக்கொண்டது: திருத்தங்கள் கருவிலேயே சேர்ந்தன, பழைய வெளியீடு அப்படியே வேண்டும் என்பவர்களுக்கு ‘லேடெக்-ரிலீஸ்’ என்ற பேக்கேஜ் வந்தது. ஆவணத்தின் முதல் வரியில் ஒரு தேதியைக் கொடுத்தால் அந்தத் தேதியில் இருந்த கருவைப் போலவே அது நடந்துகொள்ளும். வருங்கால ஆவணங்களுக்கு நல்ல இயல்பு, பழைய ஆவணங்களுக்குத் திரும்பும் வழி என்ற இந்த ஏற்பாட்டைப் பிற கட்டற்ற மென்பொருள் திட்டங்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

நூத் எடுத்த முடிவு இதற்கு நேர் எதிரானது, அதற்கும் நியாயம் உண்டு. 1978 முதல் டெக்கில் தாம் செய்த திருத்தங்கள் ஒவ்வொன்றையும் வகைப்படுத்திக் குறித்துவைத்து 1989-இல் வெளியிட்டவர் அவர். வழுவைக் கண்டுபிடிப்போருக்கு அவர் அளித்த பரிசு 2.56 டாலரில் தொடங்கி, ஆண்டுதோறும் இருமடங்காகி, 327.68 டாலரில் நிலைபெற்றது. 1990-இல் டெக்கில் இனிப் புதிய வசதி எதுவும் சேராது என்று அறிவித்தார். வழுத்திருத்தம் மட்டும் தொடர்கிறது, பதிப்பெண் பை என்ற எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீள்கிறது. அறிக்கைகளைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாகப் பரிசீலிக்கிறார். 2014-க்குப் பிறகு 2021-இல் பார்த்தபோது பதிப்பு 3.141592653 ஆனது, அடுத்தது 2029-இல். அடித்தளம் அசையாமல் இருப்பதால்தான் அதன்மேல் ஸீடெக்கும் லுவாடெக்கும் எழ முடிந்தது. ஆயினும் தமிழுக்கு வேண்டியது அந்த அடித்தளத்தில் இல்லாததால், அசையும் அடுக்குகளில் அக்கறையுள்ளவர்கள் தொடர்ந்து இருக்க வேண்டியிருக்கிறது.

திருத்தம் நிலைத்து நிற்க வேண்டுமானால் அதனுடன் ஒரு சோதனையும் போக வேண்டும். லேடெக் குழு இதற்காக ‘எல்3பில்டு’ என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. சோதனைக் கோப்பு ஒரு பெட்டியை அச்சுக்கோத்து, அதன் உள்ளே எந்த எழுத்து எந்த அளவில் அமைந்தது என்பதைப் பதிவுக்கோப்பில் கொட்டுகிறது. கருவி அந்தப் பதிவிலிருந்து தேதி, கோப்பின் இருப்பிடம் போன்ற மாறும் விவரங்களை நீக்கிவிட்டு, முன்பே சேமித்த மாதிரியோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறது. டெக் நீளங்களை ஓர் அச்சுப் புள்ளியின் 65536-இல் ஒரு பங்கு என்ற அலகில், முழு எண்களாகக் கணக்கிடுவதால், எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே விடை கிடைக்கிறது. பட ஒப்பீட்டைவிட இது எவ்வளவோ உறுதியானது. ஆனால் ‘ெகாடு’ போன்ற வழுவை இந்தச் சோதனை பிடிக்காது, ஏனெனில் பெட்டியில் எல்லாம் சரியாகவே இருக்கும். அதற்கு பிடிஎஃப்பை உருவாக்கி, உரையை வெளியே எடுத்து, மூல உரையுடன் ஒப்பிடும் தனிச் சோதனை வேண்டும். கோப்பையே பைட்டுக்கு பைட் ஒப்பிட விரும்பினால், ‘சோர்ஸ் டேட் எபாக்’ என்ற சூழல் மாறியில் ஒரு நிலையான நேரத்தைக் கொடுத்து, உருவாக்கிய தேதி மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரிமுறிவைப் பற்றிய அறிக்கைகளில் வழு எது, மொழியின் இயல்பு எது என்று பிரிப்பது கடினம். ‘பல்கலைக்கழகங்களுக்கிடையிலான’ போன்ற சொல் குறுகிய பத்தியில் வந்தால், அதை முறிக்காமல் வரியை நிரப்ப எந்த வழிமுறையாலும் முடியாது. தமிழுக்கான சொல்முறிவு வடிவங்கள் எச்ஒய்பிஎச்-யுடிஎஃப்8 தொகுப்பில் இருக்கின்றன. வரியின் தொடக்கத்தில் புள்ளி எழுத்தோ தனித்த உயிர்க்குறியோ வந்து நிற்காமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் முதல் கடமை. அவை இயங்கினாலும் முறிந்த இடத்தில் டெக் ஒரு சிறு கோடு போடும். தமிழ் நாளிதழ்ப் பத்திகளில் கோடு இல்லாமலே முறிப்பது வழக்கமாதலால், ஃபான்ட்ஸ்பெக்கில் ஹைஃபன்கார் என்ற தெரிவைக் கொண்டு கோடு தெரியாதபடி அமைக்கச் சொல்கிறேன். பிடிஎஃப்பில் சொல் நடுவே கோடு புகுந்து தேடலைக் கெடுப்பதும் அதனால் நிற்கிறது. குறுகிய அட்டவணைக் கட்டங்களில் முதல் சொல் மட்டும் முறியாமல் ஓரம் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் அறிவிக்கிறார்கள். டெக் இயல்பிலேயே ஓர் இடைவெளிக்குப் பின் வரும் சொற்களைத்தான் முறிக்கப் பார்க்கிறது. பத்தியின் முதல் சொல்லுக்கு முன் இடைவெளி இல்லை. ஸீடெக்கிலும் அப்படித்தான். கட்டத்தின் தொடக்கத்தில் பூஜ்ய அகல இடைவெளி ஒன்றை வைத்தால் முறியும். லுவாடெக்கில் இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருக்கிறது.

இப்போது என் கையில் இருக்கும் வேலை நூல்களின் பின்னிணைப்பாக வரும் சொல்லடைவு. அதை வரிசைப்படுத்தும் பழைய நிரல்கள் குறியெண் வரிசையிலேயே அடுக்குகின்றன. யூனிகோடில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் இருப்பதால், ‘பந்து, பன்மை, பயிர்’ என்று வரிசை வருகிறது. தமிழ் நெடுங்கணக்குப்படி ‘பந்து, பயிர், பன்மை’ என்றே வர வேண்டும். புள்ளியின் குறியெண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், ‘பக்கம்’ என்பது ‘பகல்’ என்பதற்குப் பின்னால் தள்ளப்படுகிறது. அகராதி வழக்கில் புள்ளி எழுத்தே உயிர்மெய்க்கு முன் வரும். இந்த வரிசையை மேக்ரோக்களில் கட்டாயப்படுத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மறைமுகக் குறிச்சொல் எழுதிச் சரிசெய்வோர் உண்டு. நூறு சொற்களுக்கு அது நடக்கும், ஆயிரக்கணக்கான சொற்களுக்கு நடக்காது. தமிழுக்குரிய வரிசை, மொழிகளின் வழக்கங்களைத் தொகுக்கும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, ஐசியு என்ற நிரல் நூலகம் அதைப் படிக்கிறது. ஆகவே வரிசைப்படுத்தும் நிரல் ஐசியுவைத் தமிழ் என்ற மொழிக்குறியோடு அழைக்க வேண்டும். நெடுங்கணக்கை எழுத்துத் தலைப்புகளாகப் பிரிக்கும் பகுதியை மட்டும் நாம் தனியே எழுத வேண்டும். க முதல் ன வரையிலான பதினெட்டு மெய்களுக்கும் கிரந்த எழுத்துகளுக்கும் சோதனைச் சொற்பட்டியல் தயாராகிவிட்டது. ‘க்ஷ’ எந்தத் தலைப்பின் கீழ் வர வேண்டும் என்பதில் மட்டும் பதிப்பாசிரியர்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.